கஸ்பார் பதினேழு முறை அகப்பட்ட பருவம்

கடல் எடுத்துக்கொண்டு போய் மூன்று வருஷமும் சில நாளும் ஆன பிறகு, மீன்பிடித் தடைக்காலத்தின் நாலாம் நாள் காலையில், எங்கள் வெள்ளாமுனைக்கு நேர் கிழக்கே, சென்னையிலிருந்து வந்த பல் டாக்டர் ரகோத்தமனின் தூண்டிலில் கஸ்பார் உயிரோடு மாட்டினான். கீழுதட்டின் இடது ஓரத்தில் கொக்கி ஏறியிருந்தது. புயலுக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு போன அதே கட்டம்போட்ட சட்டை, அதே கைலி, நேற்றுத்தான் சவரம் செய்தவன்போல மழமழவென்ற முகம். தண்ணீருக்குள் அவனுக்கு யார் சவரம் செய்துவிட்டார்கள் என்று கேட்ட ஆள் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. கடல் கொண்டுபோனவன் தானாகத் திரும்ப மாட்டான், யாராவது இழுத்தால் வருவான் என்பது எங்கள் சனத்துக்குத் தெரிந்ததுதான். மூன்று வருஷமாக யாரும் இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ரகோத்தமன் நீலத்துடுப்பு விளையாட்டுத் தூண்டில் மன்றத்தின் செயலாளர். அறுபத்தொரு நாள் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுகளெல்லாம் கரையில் மல்லாந்து கிடக்க, வலையைத் தொட்டால் வழக்கு என்று அதிகாரிகள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போக, இந்த மன்றத்துக்காரர்கள் மட்டும் வருஷந்தவறாமல் வந்து இறங்குவார்கள். அவர்கள் கையிலிருப்பது வலை இல்லை, தூண்டில் பிரம்பு. அவர்கள் செய்வது தொழில் இல்லை, விளையாட்டு. ஆகவே சட்டம் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும். பிடித்த மீனைப் பாயில் கிடத்தி நீளம் அளப்பார்கள், நிறுப்பார்கள், கையில் ஏந்திப் படம் எடுப்பார்கள், முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு எண்வில்லையைக் குத்துவார்கள், பிறகு நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைப் பிடித்து, மூச்சு சீராகும்வரை தாயைப்போலத் தாங்கி நின்று, விட்டுவிடுவார்கள். "பிடிப்பது விளையாட்டு, வைத்துக்கொள்வது பசி" என்று அவர்களுடைய சட்டை முதுகில் அச்சடித்திருக்கும். பசியோடு கரையில் உட்கார்ந்து அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

படகை ஓட்டியவர் எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர் சூசைமரியான். ஊரிலிருந்த இரண்டே ஃபைபர் படகுகளும் அவருடையவை, இரண்டையும் அறுபத்தொரு நாளைக்கும் மன்றத்துக்கே வாடகைக்கு விட்டிருந்தார். பாயில் கிடந்தவனின் முகம் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இது எங்க ஊர்க்காரன் சார். கஸ்பாரு. இவன் பொஞ்சாதி ஊருல உயிரோட இருக்கா."

"ரொம்ப வருத்தமா இருக்கு அண்ணே," என்றார் டாக்டர், உண்மையாகவே வருத்தப்பட்டு. "ஆனா ஒருத்தருக்காக ரூல்ஸ மாத்தினா, நாளைக்கு எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சுடுவாங்க. அந்த வாலை, சாரி, காலை நேராப் பிடிங்க."

நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். கஸ்பார் பாயில் கிடந்தபடியே சூசைமரியானைப் பார்த்து, "அண்ணே, மெற்றில்டா சாப்பிட்டாளா?" என்று கேட்டான். சூசைமரியான் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. இடது தோளில் வில்லை குத்தப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, கஸ்பார் கடலில் விடப்பட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, அதைச் சூசைமரியான் அன்றைக்குப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டார்.

மெற்றில்டா இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தடைக்காலத்தில் இறாலும் இல்லை, வேலையும் இல்லை. சேதி கேட்டதும் அவள் அழவில்லை. "சாப்பிட்டாளான்னா கேட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, கும்பாவிலிருந்த பழைய சோற்றை நின்றபடியே தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மீன்வள அலுவலகத்துக்கு நடந்தாள். ஏழு மைல்.

ஆய்வாளர் தமிழ்வாணி உள்நாட்டுக்காரி, இளகின மனசு, கடலைப் பார்த்தாலே தலைசுற்றும். மெற்றில்டாவை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிடிக்கக்கூடாத உயிர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார்: கடற்பசு, கடல்குதிரை, கடல் அட்டை, ஆமை. கஸ்பார் இல்லை. பிடிக்கக்கூடியவற்றின் பட்டியலிலும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு மேடம். என் வீட்டுக்கு வரணும். அம்புட்டுத்தான்."

"புரியுதும்மா. கரையில இருந்தா அவர் உங்க வீட்டுக்காரர். கடல்ல இருக்கிறவரைக்கும் அவர் எங்க டிபார்ட்மென்ட்."

"அப்ப நானே போயி இழுத்துக்கிடுதேன்."

"தடைக்காலம்மா இது. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. வருத்தத்துக்கு ஃபார்ம் இல்லையே."

சொல்லிவிட்டு ஆய்வாளரே அழுதுவிட்டார், மெற்றில்டாதான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மறுவாரம் இடைக்கால ஆணை வந்து மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டது: வகைப்படுத்தப்படாத மேற்படி கடல்வளத்தைப் பதிவுபெற்ற விளையாட்டுத் தூண்டிலால் மட்டுமே பிடிக்கலாம், பிடித்த அன்றே மீண்டும் கடலில் விட வேண்டும், இந்த ஆணை தடைக்காலம் முடியும்வரை செல்லும்.

இப்படி ஒரு தாள் சுவரில் ஏறிவிட்டால் எங்களுக்கு எதுவும் அதிசயமாக இருப்பதில்லை. முதல் வாரம் ஊரே மெற்றில்டா வீட்டு வாசலில் கூடி நின்று மாரில் அடித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கூட்டத்தில் பாதிப்பேர் டீக்கடைக்கு நகர்ந்தார்கள். மூன்றாம் வாரம் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிரம்புகளோடு ஆட்கள் வந்து இறங்க, காலி வீடெல்லாம் லாட்ஜாகி, பனியன் கடை ஒன்று முளைத்து, வலை பின்னுகிறவர்களெல்லாம் பரோட்டா போடக் கற்றுக்கொண்டு, தடைக்காலத்தில் அடுப்பெரியாத வெள்ளாமுனையில் முதல்முறையாக மூன்று வேளையும் புகை எழுந்தது. "இன்னைக்கு யாரு கையில விழுந்தான்?" என்று நாங்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம். கோயில் மணி அடித்து நேரம் அறிவதுபோல, கஸ்பார் பிடிபட்டதைச் சொல்லும் விசிலை வைத்து உலை வைத்த பெண்களும் உண்டு. அவன் நல்லவன், சாகும்வரை, இல்லை, போகும்வரை யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை, போன பிறகும் ஊருக்குச் சோறு போடுகிறான் என்று வாய் நிறையச் சொன்னோம். சோறும் வாய் நிறைய இருந்தது.

ஐந்தாம் முறை பிடித்தபோது டாக்டர் ரகோத்தமன் அவன் வாயைத் திறந்து பார்த்து, கடைவாயில் இரண்டு சொத்தை இருப்பதாகச் சொல்லி, படகிலேயே சுத்தம்செய்து அடைத்துவிட்டார், காசு வாங்கவில்லை. பெரிய மனசு என்று ஊர் வியந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கஸ்பார் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தான். இரண்டாம் முறை, "மெற்றில்டா எங்கே?" என்று கேட்டான். நாலாம் முறை, "கரை எந்தப் பக்கம்?" என்றான். ஏழாம் முறை எதுவும் கேட்கவில்லை. படகில் ஏற்றியதும் தானே போய்ப் பாயில் நீட்டிப் படுத்து, கையை இடுப்போடு ஒட்டவைத்து, கொக்கியை எடுக்க வாகாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். இப்படி ஒத்துழைக்கிற உயிரை உலகத்தில் எந்தக் கடலிலும் பார்த்ததில்லை என்று மன்றத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

எட்டாம் முறைக்குப் பிறகு அவன் கடிக்கவில்லை. கணவாய் போட்டார்கள், உயிர் இறால் போட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மினுமினுக்கும் ரப்பர் மீன் போட்டார்கள், தொடவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் பெட்டி கட்டத் தொடங்க, பரோட்டா மாவு புளித்துப்போக, சூசைமரியான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு மெற்றில்டா வீட்டுக்கு வந்தார்.

"எம்மா, அவனுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?"

மெற்றில்டா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னையப் படகுல ஏத்துனா சொல்லுதேன்."

"மெம்பருங்க மட்டும்தான்மா ஏறலாம், இன்ஷூரன்ஸ் பிரச்சினை," என்றார் டாக்டர். "ஆனா ஒவ்வொரு தடவையும் போட்டோ பெருசாப் பிரிண்ட் போட்டுத் தர்றேன். லேமினேட் பண்ணி."

அவள் விளக்குமாற்றை எடுப்பாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று எதிர்பார்த்தோம். எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் இன்றைக்கு அவளைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு நாக்குக் கூசாது. அவள் உள்ளே போய் மாங்காய் போட்டுச் சாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோற்றையும் மரவள்ளி மாவையும் அதில் இறுகப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் டாக்டர் பக்குவமாக ஒரு கொக்கியைச் செருகினார். அன்று மாலைக்குள் கஸ்பார் மூன்று முறை அகப்பட்டான்.

மீன்கூட ஒரே இரையில் இரண்டு முறை ஏமாறாது. அவன் ஏமாறவில்லை என்பது மெற்றில்டாவுக்குத் தெரியும். கொக்கி இருப்பது தெரிந்தே அவன் கடித்தான், குழம்பு அவள் கையால் வைத்தது என்பதற்காகக் கடித்தான். அதை நினைத்து நினைத்து அவள் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள், மறுநாள் காலையில் எழுந்து மறுபடியும் மாங்காய் நறுக்கினாள். வைக்காவிட்டால் அவனைப் பார்த்தவர்கள் என்று சொல்ல யாருமே இருக்கமாட்டார்கள், வைத்தால் வாரத்துக்கு மூன்று லேமினேட் போட்டோவாவது உண்டு. ஒவ்வொரு படத்திலும் அவன் கீழுதடு இன்னும் கொஞ்சம் கிழிந்திருந்தது. பதினாறாம் முறை எடுத்த படத்தில் உதடு என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை.

தடைக்காலம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. மறுநாள் நள்ளிரவு தாண்டினால் இருநூறு விசைப்படகு இழுவலையோடு இறங்கும். அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் அந்த வலையில் சிக்கியது எதுவும் முழுதாகக் கரை சேராது. மெற்றில்டா வீடுவீடாக ஏறி இறங்கினாள். "நாளைக்கு கிளப்புக்காரங்க கடைசிப் போட்டிய கரையில நின்னுல்லா நடத்துதாவ. அவரு கடிச்சதும் அந்தத் தூண்டில் நரம்போட நம்ம கரைவலைக் கயித்த முடிஞ்சு இழுத்துப்புடுவோம். ஒரே ஒரு தடவை. ஒங்க காலப் புடிக்கேன்." இரண்டு மாதம் அவன் புண்ணியத்தில் வயிறு நிறைந்திருந்த எங்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சூசைமரியான்கூட, படகு வாடகை முடிந்துவிட்டதால், சரி என்றார்.

அப்படித்தான் அது நடந்தது. காலை பத்து மணிக்கு டாக்டரின் பிரம்பு வளைந்தது. அவர் சக்கரத்தைச் சுற்றுவதற்குள் நாங்கள் பாய்ந்து நரம்பைக் கயிற்றோடு முடிந்தோம். ஆணும் பெண்ணுமாய் நூற்றுப் பன்னிரண்டு பேர், பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவள் உட்பட, ஏலேலோ ஐலசா என்று இழுத்தோம், மணலில் குதிகால் புதைய இழுத்தோம், அழுதுகொண்டே இழுத்தோம், அந்த அரைமணி நேரம் நாங்கள் நல்ல மனுசர்களாக இருந்தோம், அதை யாரும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது. "இது ரூல்ஸ் இல்ல! இது ஸ்போர்ட் இல்ல!" என்று டாக்டர் பிரம்பை விடாமல் கத்திக்கொண்டே எங்களோடு இழுபட்டார். ஆய்வாளர் தமிழ்வாணி ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார். "ஆணை இன்னிக்கு ராத்திரியோட முடியுது. நான் ரிப்போர்ட் நாளைக்குத்தான் எழுதுவேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தலைசுற்றுகிறது என்று திரும்பிப் போய்விட்டார்.

அலை உடையும் இடத்தில் கஸ்பாரின் தலை தெரிந்தது. உதடு இன்னொரு இழுப்புக்குத் தாங்காது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கயிற்றின் முன்வரிசைக்கு வந்து கை நீட்டியிருந்த மெற்றில்டா, அதைத் தொடாமலே கடலில் பாய்ந்தாள், கழுத்தளவுத் தண்ணீரில் அவனைக் கட்டிப்பிடித்தாள், பல்லால் நரம்பைக் கடித்து அறுத்து, விரலால் கொக்கியை எடுத்து, அவனைத் தோளில் சாய்த்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் கைதட்டினோம். அவள் செய்த தப்பு அதுதான்.

கரைவலையில் கயிற்றைத் தொட்ட கைக்குப் பங்கு. தொடாத கைக்கு இல்லை. பிஷப்பே வந்து நின்றாலும் கயிற்றைத் தொட்டால்தான் மீன். வெட்டிப் பிரிக்க முடியாத பொருளை நாள்கணக்கில் பிரிப்போம். ஆறு வருஷத்துக்கு முன் கரை ஒதுங்கிய ஜெனரேட்டரை அப்படித்தான் வீட்டுக்கு ஒரு நாளாகச் சுற்றவிட்டோம். கஸ்பாரை மணலில் உட்காரவைத்துவிட்டு, சூசைமரியான் வழக்கம்போலத் தலை எண்ணத் தொடங்கினார். யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி தன் முறையில் கிணறு தூர்வாரச் சொல்லலாம் என்றாள். ஒருவர் சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றார். அவன் சட்டையிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும் உப்புத்தண்ணீர் கருவாடு போட உதவும் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார்.

"எனக்கு?" என்றாள் மெற்றில்டா.

"நீ கயித்துல கை வெச்சியாம்மா?"

"அவரு வாயில இருந்து கொக்கிய நாந்தான எடுத்தேன்!"

"அது ஆளத் தொட்டது. கயித்தத் தொடலையே," என்றார் சூசைமரியான். குரலில் கோபம்கூட இல்லை. "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஒனக்காவ மாத்துனா நாளைக்கு எல்லாவனும் கேப்பான்."

நூற்றுப் பன்னிரண்டு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் முறை நாற்பத்தொன்றாவது. நானும் மணலைத்தான் பார்த்தேன்.

முதல் பங்கு முதல் கைக்கு. முதலில் நரம்பைத் தொட்டிருந்த கை டாக்டருடையது, ஆக நூற்றுப் பதின்மூன்று பங்கு, இன்றைய நாள் அவருடையது. மெற்றில்டா ஈரச் சேலையோடு அவர் காலில் விழுந்தாள். அவர் பதறி விலகினார். "ஐயோ எழுந்திருங்கம்மா. நான் பிடிச்ச எதையும் வெச்சுக்கிறதில்ல, அது என் கொள்கை. இன்னிக்கு நீங்களே வெச்சுக்கங்க. சாயங்காலத்துக்குள்ள விட்டுடணும். ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க." எங்களுக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அவள் விடப்போவதில்லை. கோவில்பட்டியில் தங்கை வீடு இருக்கிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கரிசல்காடுதான், ஒரு சொட்டுக் கடல் கிடையாது. மூன்றரை மணி பஸ்ஸுக்கு இரண்டு பை கட்டித் தயாராக வைத்திருந்தாள். நாளைக்கு முறைக்காரரான சூசைமரியானுக்கு அது தெரியாதா என்ன? வீட்டைச் சுற்றி ஆள் நிறுத்தினார். ஆள் என்றால் நாங்கள்தான். அதனால் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கஸ்பார் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நேரே போய்த் தரையில் நீட்டிப் படுத்தான், கையை இடுப்போடு ஒட்டினான், வாயைத் திறந்தான். அவன் ஈரம் தரையெல்லாம் பரவியது. "எந்திரிங்க, ஒங்க வீடுங்க இது," என்று மெற்றில்டா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் அந்நியரிடம் பேசும் பணிவோடு, "எப்ப விடுவீங்க?" என்று கேட்டான்.

"மொதல்ல சாப்பிடுங்க."

மாங்காய் போட்ட சாளைக் கருவாட்டுக் குழம்பு. தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் முகர்ந்தான். அந்த வாசத்தில் அவன் கண் ஒரு நொடி விரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மெற்றில்டாவும் பார்த்தாள், அவள் முகத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு வந்தது. அவன் உருண்டையை இரு விரலால் மெல்லப் பிட்டான். ஒவ்வொரு பருக்கையாக விலக்கி உள்ளே தேடினான். எதுவும் இல்லை என்றதும் இன்னொரு உருண்டையைப் பிட்டுத் தேடினான். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"இது அவ வெச்சது இல்ல," என்றான். "மெற்றில்டா சோத்துல கொக்கி இருக்கும்."

தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது, கொஞ்ச நேரம் நின்றது, போனது. மெற்றில்டா கட்டிவைத்த பைகளைத் தொடவில்லை. பிறகு, காலையில் அவன் வாயிலிருந்து எடுத்துச் சேலை முடிச்சில் முடிந்திருந்த கொக்கியை அவிழ்த்து, செம்புத் தண்ணீரில் கழுவி, சோற்றுக்குள் வைத்துப் பக்குவமாக உருட்டி, அவன் வாயில் ஊட்டினாள். அவன் கடித்தான். ரத்தம் தாடையில் வழிய, நிதானமாக மென்று விழுங்கி, அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"மெற்றில்டா," என்றான், "நீ சாப்பிட்டியா?"

சன்னலை விட்டு எங்களில் ஒருவரும் நகரவில்லை. மெற்றில்டா அடுத்த உருண்டைக்குக் கொக்கி தேடி எழுந்தாள்.